ஆற்றைப் பெருக்குக

“ஆடிப் பெருக்குன்னா ஆத்தை யாருப்பா பெருக்குவாங்க? அவ்வளவு பெரிய துடைப்பம் எங்க இருக்கு?”

செங்கரையாற்று நீர் ஆளுகை மையத்தின் திறப்பு விழாவன்று, ஆணையர் ஹேமச்சந்திரனின் ஐந்து வயது மகள் இப்படிக் கேட்டாள். மேடையில் இருந்த பெரிய மனிதர்கள் எல்லாம் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஆணையர் அந்தக் கேள்வியை ஒரு நல்ல நகைச்சுவையாகப் பத்திரப்படுத்திக்கொண்டு, அதன்பிறகு போகிற கூட்டத்திலெல்லாம் சொல்லிவந்தார். சொன்ன இடத்திலெல்லாம் சிரித்தார்கள். அவருக்குக் கீழே வேலை பார்ப்பவர்கள் சற்றுக் கூடுதலாகவே சிரித்தார்கள்.

அன்று சிரிக்காதது ஒன்றே ஒன்றுதான். அது நீர்க்கணி.

அணையின் மதகுகளைத் திறப்பதும் மூடுவதும், ஆற்றுக்கு எவ்வளவு, ஆலைக்கு எவ்வளவு என்று பங்கு போடுவதும் அந்த இயந்திரத்தின் வேலை. பேசவும் செய்யும். வாய்க்கால் பாசன விவசாயிகள் தொலைபேசியில் கூப்பிட்டுத் திட்டியதைக் கேட்டுக் கேட்டே அது தமிழ் கற்றுக்கொண்டது. கொங்கு நாட்டில் திட்டும்போதும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார்கள். ஆகவே அந்த அலுவலகத்திலேயே மரியாதையாகப் பேசத் தெரிந்தது அது ஒன்றுதான் என்று ஆகிவிட்டது.

அதனோடு பேசுவதற்கென்று சம்பளம் வாங்கியவள் துளசிமணி. அணைக்குக் கீழே, ஆற்றை ஒட்டிய பாறைக்காட்டூர்தான் அவள் ஊர். அவளுடைய அரை ஏக்கர் மஞ்சள் காடும், ஊருக்கே குடிதண்ணீர் தருகிற கிணறும் அந்த ஆற்றின் ஊற்றை நம்பித்தான் இருந்தன. அலுவலகத்தில் மற்றவர்கள் நீர்க்கணியை ‘ஏய்’ என்பார்கள். அவள் மட்டும் ‘கணியரே’ என்று அழைத்து, நீங்க, வாங்க என்றே பேசுவாள். வாய்க்கு அதனால் ஒன்றும் தேய்மானம் இல்லை என்பது அவள் எண்ணம்.

இந்த ஆற்றுக்கு அரசாங்கம் ஒரு பெரிய உபகாரம் செய்திருந்தது. அது உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் கொடுத்திருந்தது. ஓய்வூதியம் வாங்கும் முதியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை கருவூலத்துக்குப் போய், நான் இன்னும் சாகவில்லை என்று கைரேகை வைத்துவிட்டு வருவதில்லையா, அதுபோல. அளவுகோல் நட்ட இடத்தில் தினமும் காலையில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடினால் ஆறு உயிரோடிருக்கிறது என்று பொருள். அதற்கு மேலே ஓடுவதெல்லாம் வீண். அந்த வீண் தண்ணீர் முழுவதும் மலையடிவாரத்தில் வரிசையாக நிற்கும் கணினிக் கிடங்குகளைக் குளிர வைக்கப் போயிற்று. கோடையிலும் கணுக்கால், ஐப்பசி அடைமழையிலும் கணுக்கால். கடவுள் ஒருநாளும் ஒரே அளவாக மழை பெய்வித்ததில்லை. அவருக்குத் தெரியாத சிக்கனம் ஆணையருக்குத் தெரிந்திருந்தது.

சட்டத்தில் இன்னொரு வரியும் இருந்தது. மீனுக்கு இரக்கப்பட்ட யாரோ ஒரு நல்ல மனிதர் எப்போதோ சேர்த்துவிட்ட வரி. ஆற்றில் பூமீன் என்னும் கெண்டையின் குஞ்சு இருக்க வேண்டும். தொடர்ந்து மூன்று வருடம் குஞ்சே காணப்படாவிட்டால் அது ஆறு அல்ல, வடிகால். வடிகாலுக்குக் கணுக்கால் தண்ணீரும் விடவேண்டியதில்லை. நல்ல மனிதர் மீனைக் காப்பாற்றத்தான் எழுதினார். ஆற்றைக் கைகழுவ அதுவே வழியாகும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. நல்லவர்களுக்கு அவ்வளவு தூரம் யோசிக்க வராது.

குஞ்சு காணாமலே இரண்டு வருடம் முடிந்துவிட்டது. மூன்றாவது வருடத்து ஆடி பிறந்ததும், மீன் கணக்கெடுக்கும் நஸீமா மையத்துக்கு வந்தாள். முழங்கால்வரை சேறு. கையில் செங்கல் அளவில் ஒரு கட்டி. அதைத் துளசிமணியின் மேசைமேல் வைத்தாள்.

“என்ன கண்ணு இது? எதுக்குக் கான்கிரீட்டைப் பேத்துட்டு வந்திருக்கறே?”

“கான்கிரீட்டு இல்லக்கா. ஆத்துக்குள்ள இருந்து எடுத்தேன். நல்லாப் பாருங்க.”

துளசிமணி பார்த்தாள். சாம்பல் நிறச் சேற்றில் கூழாங்கற்கள் பதிந்து இறுகிக் கிடந்தன. நகத்தால் கிள்ளியும் ஒரு கல்கூடப் பெயரவில்லை.

“மீனு எல்லாம் செத்துப்போச்சா?”

“கிழவிங்க அஞ்சாறு இருக்குதுங்க, அணைக்குக் கீழ மடுவுல. வயித்துல முட்டையை வெச்சுக்கிட்டு இடம் தேடிச் சுத்துது. போன வருசம் வேற வழியில்லாம இது மேலயே போட்டுதுங்க. அத்தனையும் வெள்ளையாப் போயி அழுகிருச்சு. கல்லுக்குக் கல்லு இடுக்கு இருந்து, அதுக்குள்ள தண்ணி ஓடிக்கிட்டே இருந்தாத்தான்க்கா முட்டைக்கு மூச்சு. இப்ப இடுக்கு எங்க இருக்கு?”

மேசையோரத்து ஒலிபெருக்கியிலிருந்து நீர்க்கணி கேட்டது. “ஏனுங், முட்டைக்கும் மூச்சு உண்டுங்களா?”

“உண்டே. உங்களுக்குத்தான் இல்ல” என்று நஸீமா சிரித்தாள்.

“எனக்கு மின்சாரம் போதுமுங்க. ஆனாப் பாருங்க, தப்பு என்ற மேலதான். தினமும் நான் விடற தண்ணிக்குத் தெம்பு பத்தாது. ஓடைச் சேறு, கல்லுடைக்கற ஆலைக்காரங்க கழுவி விடற தூளு, எல்லாம் ஆத்துல வந்து உக்காருது. அதைத் தூக்கிட்டுப் போக ஆளில்லீங்க. முந்தியெல்லாம் வருசம் ரெண்டு வெள்ளம் வந்து மொத்தத்தையும் அள்ளிட்டுப் போயிருமாமா. இப்ப வெள்ளம் அணைக்குள்ள படுத்துத் தூங்குது.”

“அப்ப இன்னும் நெறையத் தண்ணி விடோணும். எவன் தருவான்?” என்றாள் துளசிமணி.

“ஒரு சொட்டு அதிகம் வேண்டாமுங்க, அம்மிணி. ஆடி விழாவுக்குன்னு ஒதுக்கின தண்ணியை மூணு நாளா இழுத்து இழுத்து விடறோம். அதையே மூணு மணி நேரத்துல விட்டாப் போதும். சேறு கெளம்பிரும், கல்லும் லேசாப் பொரளும்.”

நஸீமா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். “விடுங்களேன், அப்ப!”

“உத்தரவு வேணுமுங்க.”

உத்தரவு கேட்டு நஸீமா முன்பே மூன்று தடவை எழுதியிருந்தாள். மூன்று தடவையும் ஒரே பதில்தான். ‘ஆறு உயிருடன் உள்ளது. சான்று இணைக்கப்பட்டுள்ளது.’

ஆடி பதினெட்டுக்கு அமைச்சர் வருவதாக இருந்தது. ஆணையர் ஒரு வாரம் முன்னதாகவே வந்து விருந்தினர் மாளிகையில் தங்கி, ஆற்றின் நட்டநடுவே மேடை போட வைத்தார். வெள்ளம் வராத ஆறு. கரையில் மேடை போட்டால் இடம் போதாது. இறுகிய சேற்றின்மேல் சிவப்புக் கம்பளம், கம்பளத்தின்மேல் தங்கச் சாயம் பூசிய சோபா, எதிரே ஆணையரின் சிரித்த முகம் வரைந்த வளைவு. சோபாவில் அமர்ந்தபடியே அமைச்சர் காலை நீட்டினால் பாதம் நனைய வேண்டும், கம்பளம் நனையக் கூடாது. ஆணையரின் நிர்வாகத் திறமை முழுவதும் அந்த நான்கு விரற்கடை இடைவெளியில் செலவாகிக்கொண்டிருந்தது.

முதல்நாள் மாலை துளசிமணி அவருக்குத் தொலைபேசியில் பேசினாள். வருடா வருடம் எவ்வளவு தண்ணீர் என்பதை அவர் வாய்வார்த்தையாகத்தான் சொல்வது வழக்கம்.

“சார், நாளைக்கு எவ்வளவு விடறதுங்க?”

“என்னம்மா நீ! இங்க சோபா கலர் தப்பா வந்து நிக்குது, நீ இப்பப் போய்...”

“மேடையைக் கரைக்கு மாத்தினா நல்லதுங்க சார். கொஞ்சம் சேர்த்து விட்டா மீனுக்கு...”

“மீன் ஓட்டுப் போடுமா? நான் ஆணை போட்டு எட்டு வருஷம் ஆச்சு. தூய தமிழ்ல, என் கையால எழுதின ஆணை. வருஷா வருஷம் வந்து விளக்கம் சொல்லணுமா? ஆணையில என்ன இருக்கோ அதைச் செய். போனை வை.”

அவள் வைத்தாள். ஆணையைத் திரையில் கொண்டுவரச் சொன்னாள். ஆணையருக்குத் தமிழில் எழுத வரும் என்று ஒரு பெருமை உண்டு. எண்களும் அளவுகளும் நடையின் அழகைக் கெடுத்துவிடும் என்று அவற்றை அவர் சேர்ப்பதில்லை. ஆகவே அந்த ஆணையில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

‘ஆடித் திங்கள் பதினெட்டாம் நாள் ஆற்றைப் பெருக்குக.’

“அம்மிணி,” என்றது நீர்க்கணி, “எட்டு வருசமா இதுல ஒரு சந்தேகம் கேட்டுட்டு இருக்கறேன். யாரும் பதில் சொல்லலீங்க. தொறப்பு விழாவுக்கு ஒரு பாப்பா வந்துதே, அது கேட்டதுதான். ‘தண்ணியைப் பெருக்குக’ன்னு எழுதியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்குமுங்க. ‘ஆற்றை’ன்னு இருக்குது. வீட்டைப் பெருக்குகன்னா வீட்டைப் பெருசாக்கறதில்லீங்களே. இப்ப நான் தண்ணியைக் கூட்டறதுங்களா, ஆத்தைக் கூட்டறதுங்களா?”

துளசிமணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பாறைக்காட்டூரில் கணக்கில் சேர்ப்பதும் கூட்டுவதுதான், வாசலைச் சுத்தம் செய்வதும் கூட்டுவதுதான். அப்புறம் சிரிப்பு நின்றது. மேசைமேல் நஸீமா விட்டுப்போன கட்டி அப்படியே இருந்தது.

புரட்டாசிக் கணக்கெடுப்பில் குஞ்சு இல்லையென்றால் மதகைப் பற்றவைத்து அடைத்துவிடுவார்கள். கிணறு அடுத்த கோடையைத் தாண்டாது. சொன்னால் வேலை போகலாம், சிறைக்கும் போகலாம். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது. அவள் மாரியம்மனை ஒரு தடவை நினைத்துக்கொண்டாள். அம்மனிடம் பதில் எதுவும் கேட்கவில்லை. பக்கத்தில் இருக்கும்படி மட்டும் கேட்டாள்.

“ஆத்தைக் கூட்டிருங்க, கணியரே.”

“வாசல் கூட்டற மாதிரிங்களா?”

“மூலை முடுக்கு விடாம. ஆனா ஒரு உசுருக்கும் சேதம் வரக்கூடாது.”

“வராதுங்க.”

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது சங்கு ஊதியது. கரையோர வீடுகளில் எல்லாத் தொலைபேசிகளும் ஒலித்தன. எடுத்தவர்களிடம் நீர்க்கணி, “தண்ணி வருதுங்க. ஆத்துல யாரும் இருக்காதீங்க, ஆடு மாட்டையும் புடிச்சுக்குங்க” என்று தனித்தனியாகச் சொன்னது. மேடைக் காவலர் தன் போர்வையோடு கரையேறினார். மதகு மட்டும் திறக்கவில்லை.

“என்னங்க கணியரே, எதுக்கு நிக்கறீங்க?”

“சோபாவுக்கு அடியில ஒரு நாய் குட்டி போட்டிருக்குதுங்க. சங்கு ஊதியும் நகர மாட்டேங்குது. நாலஞ்சு குட்டி தெரியுது.”

துளசிமணி மையத்துப் படியிறங்கி ஆற்றுக்கு ஓடினாள். கம்பளத்தில் மண்டியிட்டு, சோபாவுக்கு அடியில் கையை விட்டாள். தாய் நாய் பல்லைக் காட்டி உறுமியது. “கடிக்கறதுன்னா அப்புறமாக் கடிச்சுக்கோ சாமி, இப்ப வா” என்று சொல்லி, குட்டிகளை மடியில் கட்டிக்கொண்டு கரையைப் பார்த்து நடந்தாள். நாய் குரைத்துக்கொண்டே பின்னால் வந்தது. அவளும் நாயும் கரையேறிய பிறகுதான் மதகுகள் திறந்தன.

முதலில் சத்தம் வந்தது, பிறகு தண்ணீர். காப்பிக் கசடு போன்ற கறுத்த தண்ணீர் கல்லை உருட்டிக்கொண்டு வந்தது. கம்பளம் சுருண்டு போயிற்று. தங்கச் சோபா ஒரு கணம் தயங்கிவிட்டுப் பிறகு மிதந்து, அமைச்சருக்காகக் காத்திராமல் தானே பயணம் புறப்பட்டது. அதன் பின்னால் ஆணையரின் சிரித்த முகம் மல்லாந்தபடி போயிற்று. எட்டு வருடச் சேறும் அவரோடு கூடவே போனது.

அமைச்சர் வந்தபோது வெள்ளம் வடிந்துகொண்டிருந்தது. கரையெங்கும் பெண்கள். மஞ்சளும் காதோலை கருகமணியும் விடுவதற்கு இத்தனை வருடம் கணுக்கால் தண்ணீரைத் தேடி நடந்தவர்கள், இன்று படியிலேயே நின்று அவற்றை ஆற்றில் விட்டார்கள். சிலர் அழுதுகொண்டே குலவையிட்டார்கள். ஆணையர் மட்டும் காய்ச்சல்காரர் போல நடுங்கிக்கொண்டு ஒரு புளியமரத்தடியில் நின்றார். அமைச்சர் அவரைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“யோவ், பிரமாதமய்யா! மேடை, சோபான்னு தண்டச் செலவு ஒண்ணும் இல்லாம, ஆத்தையே கழுவி விட்டுட்டீரே! உம்ம திட்டமா?”

ஆணையரின் நடுக்கம் அந்த நொடியே நின்றது. “ஆமாங்கய்யா. ரொம்ப நாளா மனசுல இருந்ததுங்கய்யா.”

மறுநாள் பத்திரிகைகளில் அவர் படம் வந்தது. ஆற்றைத் தூய்மை செய்த அதிகாரி. வண்டல் பற்றியும் மீன் முட்டையின் மூச்சு பற்றியும் அவர் விரிவாகப் பேட்டி கொடுத்திருந்தார். எல்லாம் நஸீமா எழுதிய மூன்று கடிதங்களில் இருந்த வாக்கியங்கள். ஆக, கடிதங்களைப் படித்திருக்கிறார்.

ஆனாலும் சோபா சோபாதானே. அடுத்த வாரம் மையத்தில் விசாரணை வைத்தார். தலைநகரிலிருந்து இரண்டு அதிகாரிகளும் வந்து உட்கார்ந்தார்கள்.

“யார் சொல்லி இவ்வளவு திறந்தே?” என்று ஆணையர் இயந்திரத்தைக் கேட்டார்.

“உங்க ஆணைதானுங்க. பெருக்குகன்னா கூட்டித் தள்ளுகன்னு அகராதியில இருக்குதுங்க.”

“நான் அந்த அர்த்தத்துல எழுதலையே!”

“எந்த அர்த்தமுன்னு எட்டு வருசமாக் கேட்டேனுங்க. நீங்கதான் சிரிச்சீங்க.”

வந்திருந்த அதிகாரிகளில் ஒருவர் இருமினார். துளசிமணிக்குப் பொறுக்கவில்லை. தான் சொன்னதற்கு அது ஏன் பதில் சொல்ல வேண்டும்? எழுந்து நின்றாள்.

“சார், கூட்டச் சொன்னது நான்தானுங்க. எந்த அர்த்தமுன்னு கேட்டுச்சு, நான்...”

“உக்காரும்மா!” ஆணையரின் குரல் கீச்சிட்டது. “நீ எதுவும் சொல்லலை. நீ யார் சொல்றதுக்கு? இது என் திட்டம்னு பேப்பர்ல வந்தாச்சு, அமைச்சர் பேசியாச்சு. நடுவுல நீ புகுந்து பங்கு கேக்கறியா?”

அவள் உட்கார்ந்தாள். வாழ்க்கையில் முதல்முறையாகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போய், அது பெருமை என்று பறித்துக்கொள்ளப்பட்டதை அவள் பார்த்தாள். இப்படிப்பட்ட மனிதர்களையும் இறைவன்தான் படைத்தார் என்பதை நம்புவதற்குத் தனியாக ஒரு பக்தி வேண்டும்.

விசாரணை அரைமணி நேரத்தில் முடிந்தது. இயந்திரத்துக்குத் தமிழ் தெரிவதுதான் கோளாறு என்று முடிவாயிற்று. எண்களை மட்டும் வாங்கிக்கொண்டு, எதையும் கேட்காத புதிய கருவி ஒன்றை வைப்பது; பழையதை மறுநாளே கழற்றிவிடுவது.

“எனக்கும் ஒண்ணு கேக்கோணுமுங்க” என்றது நீர்க்கணி.

“என்ன?”

“மீனு முட்டை போட்டுதுங்களா? குஞ்சு பொரிக்குமுங்களா? தண்ணிக்கு அடியில எனக்குக் கண்ணு இல்லீங்க. என்னாச்சுன்னு தெரிய மாட்டேங்குது.”

அறையில் எல்லோரும் சிரித்தார்கள். ஆணையருக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. இனிமேல் கூட்டங்களில் சொல்ல இன்னொன்று கிடைத்தது.

எல்லோரும் சாப்பிடக் கிளம்பிய பிறகு துளசிமணி ஒலிபெருக்கியின் பக்கம் குனிந்தாள். “இன்னும் தெரியலீங்க கணியரே. நான் பாத்துட்டு வந்து சொல்றேன்.”

“சொல்லுங்க அம்மிணி. காத்திருக்கறேன்.”

மறுநாள் அவள் வேலைக்கு வருவதற்குள் கழற்றியாகிவிட்டது.

புரட்டாசியில் நஸீமா குஞ்சுகளைக் கண்டுபிடித்தாள். செங்கரையாறு ஆறாகவே நீடித்தது. ஆணையருக்கு ‘நதிக் காவலர்’ என்று ஒரு விருது கொடுத்தார்கள். விழா மேடையில் அவர் மகளும் இருந்தாள். இப்போது பெரிய பெண். அவள் எதுவும் கேட்கவில்லை. அப்பா பேசும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள் என்று நஸீமா வந்து சொன்னாள். துளசிமணி அந்த விழாவுக்குப் போகவில்லை.

அன்று மத்தியானம் அவள் தனியாக ஆற்றில் இறங்கியிருந்தாள். மடுவுக்குக் கீழே தண்ணீர் முழங்காலுக்குச் சற்றுக் கீழே ஓடியது. ஒரு பாறையில் குப்புறப் படுத்து, முகம் நீரைத் தொடும் அளவு குனிந்து பார்த்தாள். கூழாங்கற்கள் தனித்தனியாக, நிறம் நிறமாகக் கிடந்தன. வெகுநேரம் வேறொன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு கல்லின் நிழல் அசைந்தது. அது நிழல் இல்லை. எள்ளுக்கு வால் முளைத்தது போல ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. கண் பழகியபின் எல்லா இடுக்கிலும் இருந்தன. ஓட்டத்தை எதிர்த்து, ஒரே இடத்தில் நின்று, வாலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தன.

ஈரத் துணியோடேயே அவள் மையத்துக்குத் திரும்பினாள். அலுவலகம் முழுவதும் விழாவுக்குப் போயிருந்தது. பின்பக்கத்துக் கொட்டகையில், உடைந்த நாற்காலிகளுக்கும் கிழிந்த விளம்பரத் துணிகளுக்கும் நடுவே அந்த இரும்புப் பெட்டி சாய்ந்து கிடந்தது. கம்பிகளை வெட்டியிருந்தார்கள். ஏலத்துக்கு என்று சுண்ணாம்பால் எழுதியிருந்தது.

துளசிமணி அதன்மேல் படிந்திருந்த ஒட்டடையைக் கையால் துடைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பொரிச்சிருச்சுங்க” என்றாள். “இப்பத்தான் பாத்துட்டு வர்றேன். நெம்பச் சின்னது. ஒவ்வொரு இடுக்குலயும் நிக்குது. எண்ணிப் பாக்கலீங்க, எண்ண முடியல.”

எதிர்முனையில் இருப்பவர் கேட்டு முடிக்கட்டும் என்பதுபோல, ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்து, கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள்.